மழைக்கு முன் ஃப்ளூ தடுப்பூசி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

முதியோருக்கான தடுப்பூசிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது ஃப்ளூ தடுப்பூசிக்கு நான் ஒதுக்கியவை இரண்டே வரிகள். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரிகளைப் பற்றியே கேட்டிருந்தன. வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்களே இருப்பதால், பழைய வடாற்காட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழ் முழுவதிலும் பதில் அளிக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 68. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் மகன் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளும்படி வற்புறுத்துகிறான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சென்ற ஆண்டு அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகும் கார்த்திகையில் ஐந்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். அப்படியானால் ஊசியால் என்ன பயன்?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குடியாத்தம்

பதில்: பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது ஃப்ளூதானா என்பதே முதலில் ஐயத்துக்குரியது. மூக்கிலிருந்தோ தொண்டையிலிருந்தோ மாதிரி எடுத்துப் பரிசோதித்திருந்தால் ஒழிய அதை உறுதியாகச் சொல்ல இயலாது. ஐப்பசி முதல் தை வரை நம் பகுதியில் பல காய்ச்சல்கள் ஒரே நேரத்தில் உலவுகின்றன. டெங்கு அவற்றில் ஒன்று. புதர்களிலும் வயல் வரப்புகளிலும் வாழும் நுண்ணிய உண்ணிகளால் பரவும் உண்ணிக் காய்ச்சல் இன்னொன்று. வேலூர் வட்டாரத்தில், குறிப்பாக மழையை ஒட்டிய குளிர்ந்த மாதங்களில், மருத்துவர்கள் அதை அடிக்கடி காண்கிறார்கள். இவை தவிர, சாதாரணச் சளிக் காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ்கள் ஏராளம். ஃப்ளூ தடுப்பூசி இன்ஃபுளுயன்சா என்ற ஒரு வைரஸுக்கு எதிராக மட்டுமே உருவாக்கப்பட்டது. மற்ற எந்தக் காய்ச்சலையும் அது தடுப்பதில்லை.

அவருக்கு வந்தது ஃப்ளூவாகவே இருந்திருந்தாலும் அதில் வியப்பில்லை. தடுப்பூசியில் உள்ள வைரஸ் வகைகளும் அந்த ஆண்டு ஊரில் பரவும் வகைகளும் நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரிடம் செல்ல வேண்டிய அளவுக்கான ஃப்ளூ வரும் வாய்ப்பை ஊசி 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கிறது. ஊசி போடாத நூறு பேரில் பத்துப் பேருக்கு அப்படிப்பட்ட ஃப்ளூ வருமானால், போட்டுக்கொண்ட நூறு பேரில் நான்கு முதல் ஆறு பேருக்கு வரும் என்பது இதன் பொருள். முதியவர்களின் உடல் தடுப்பூசிக்குக் காட்டும் எதிர்வினை மந்தமானது என்பதால், உங்கள் வயதில் இந்தப் பயன் இன்னும் சற்றுக் குறையவும் கூடும். இதை மறைத்து, போட்டுக்கொண்டால் காய்ச்சலே வராது என்று விற்பனைப் பேச்சு பேசுகிறவர்களால்தான் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் போன்றவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள்.

எனினும் உங்களைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி, காய்ச்சல் வருமா வராதா என்பது அன்று. வந்தால் உங்கள் உடலில் அது எதைக் கெடுக்கும் என்பதுதான். முப்பது வயது இளைஞருக்கு ஃப்ளூ என்பது ஒரு வாரப் படுக்கை. சர்க்கரை நோயும் இதய நோயும் உள்ளவருக்கு அதுவே நிமோனியாவாக மாறலாம், சர்க்கரை அளவைக் கட்டுக்கடங்காமல் ஏற்றலாம், இதயத்தையும் தாக்கலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதனையில் ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாள்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே மனிதர்களின் மற்றக் காலத்தை விட ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்ததைக் காட்டியது. 2021இல் வெளியான மற்றோர் ஆய்வு உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது. வங்கதேசம் உட்பட எட்டு நாடுகளில், பெரும்பாலும் மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஒரு பாதியினருக்கு ஃப்ளூ தடுப்பூசியும் மறு பாதியினருக்கு மருந்தற்ற ஊசியும் போட்டு ஓராண்டு கவனித்தார்கள். இறப்பு, மீண்டும் மாரடைப்பு, ஸ்டென்டில் இரத்தம் உறைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் தடுப்பூசி போட்டவர்களில் 5.3 விழுக்காடு, போடாதவர்களில் 7.2 விழுக்காடு. பார்வைக்குச் சிறிய வேறுபாடுதான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை தோளில் போடும் ஓர் ஊசி அந்த அளவுக்குத் தருமானால், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் அதை வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. உங்கள் மகன் சொல்வது சரி. இதய மருத்துவரை அடுத்த முறை பார்க்கும்போது, நிமோனியாவுக்கான நிமோகாக்கல் தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள். அது வேறு ஊசி, ஒரே நாளில் வெவ்வேறு கைகளில் இரண்டையும் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு மருத்துவமனையில் ஏப்ரல் மாதமே புதிய ஊசி வந்துவிட்டது, உடனே போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் அது தென் அரைக்கோளத்துக்கான ஊசி, வட அரைக்கோள ஊசி வரும்வரை காத்திருங்கள் என்கிறார். நான்கு வகை ஊசியை விட மூன்று வகை ஊசி தரம் குறைந்தது என்றும் சொல்கிறார். எந்த மாதத்தில், எதைப் போடுவது?
— வணிகர், வாலாஜாபேட்டை

பதில்: இன்ஃபுளுயன்சா வைரஸ் ஓயாமல் தன் மேற்புறத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் ஆண்டுதோறும் புதிய ஊசி தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை வல்லுநர்களைக் கூட்டி, அடுத்த பருவத்தின் தடுப்பூசியில் எந்த வகைகள் இடம்பெற வேண்டும் என்று அறிவிக்கிறது: வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில். அறிவிப்பிலிருந்து ஊசி கைக்கு வர ஆறு மாதங்களுக்கு மேல் ஆகும். ஆகவே தென் அரைக்கோள ஊசி நம் கடைகளுக்குச் சித்திரை வாக்கிலும், வட அரைக்கோள ஊசி ஆவணிக்குப் பின்னரும் வந்து சேர்கின்றன. பல ஆண்டுகளில் இரண்டிற்கும் இடையே ஓரிரு வகைகளே வேறுபடும். சில ஆண்டுகளில் வேறுபாடே இருப்பதில்லை.

நில வரைபடத்தில் இந்தியா வட அரைக்கோளத்தில் இருக்கிறது என்பதால் வட அரைக்கோள ஊசியே நமக்கானது என்று கடைக்காரர் சொல்வது கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும். ஃப்ளூ வைரஸ் வரைபடத்தைப் பார்த்து வருவதில்லை. காஷ்மீரில் அது குளிர்காலமான ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம் அடைகிறது. டெல்லி, புனே, கொல்கத்தா ஆகிய இடங்களில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. நாட்டின் பல நகரங்களில் பல ஆண்டுகள் மாதிரிகளைச் சேகரித்துப் பார்த்த ஆய்வில் வேலூரும் ஓர் இடமாக இருந்தது. இங்கும் சென்னையிலும் உச்சம் அக்டோபர், நவம்பர் மாதங்களில், அதாவது வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வந்தது. தொலைக்காட்சியில் டெல்லி மருத்துவர் சொல்லும் மாதம் நமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

ஊசி போட்ட பிறகு எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். பிறகு அது மாதந்தோறும் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைந்து வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வாழ்கிறவர்களுக்கு ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் முடியும் வரையிலான காலமே ஏற்றது என்பது என் கருத்து. அந்த நேரத்தில் கிடைக்கும் மிகப் புதிய ஊசி எதுவோ, காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த அரைக்கோளம் என்பதற்காகக் காத்திருந்து மழையைத் தாண்டிவிட வேண்டாம். ஏப்ரலிலேயே போட்டுக்கொண்டவர்கள் பதற வேண்டியதில்லை. நவம்பரில் பாதுகாப்பு சற்றுக் குறைந்திருக்கும், அற்றுப் போயிருக்காது. தீபாவளி கழிந்த பிறகு நினைவு வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம்.

மூன்று வகை ஊசி தரம் குறைந்தது என்பது பழைய கணக்கு. நான்கு வகை வைரஸ்களுக்கு எதிரான ஊசியில் நான்காவதாக இருந்தது, இன்ஃபுளுயன்சா பி வைரஸின் யமகாட்டா என்ற கிளை. 2020 மார்ச்சுக்குப் பிறகு அந்தக் கிளை உலகில் எங்கும் இயல்பாகப் பரவியதாக உறுதி செய்யப்படவில்லை. அதனால் அதை ஊசியில் சேர்க்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் கூறிவிட்டது. இல்லாத எதிரிக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

கடையில் வாங்கி மருத்துவரிடம் எடுத்துச் செல்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் கெட்டுவிடும். வேலூர் வெயிலில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் செல்வதற்கான பொருள் அன்று இது. குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து அங்கேயே போடுகிற மருத்துவமனையைத் தேடுவது நல்லது.

கேள்வி: நானும் மனைவியும் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். எனக்கு வயது 34. மூன்று வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு குழந்தைகள். ஆஸ்துமா உள்ள என் தாயார், வயது 61, எங்களோடு இருக்கிறார். ஐந்து பேருக்கும் ஊசி போட்டால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். எல்லோருக்கும் போட்டே ஆக வேண்டுமா?
— தொழிலாளர், ஆம்பூர்

பதில்: போட்டே ஆக வேண்டும் என்று சொல்வது எனக்கு எளிது; பணம் கொடுப்பவர் நீங்கள். ஃப்ளூ தடுப்பூசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. எனவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடும் ஊசிகளோடு இது வராது. தனியார் மருத்துவமனைகளில் ஒரு தவணையே ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. ஆகவே உங்களுக்குத் தேவைப்படுவது ஒரு வரிசை.

வரிசையில் முதலில் நிற்பவர் உங்கள் தாயார். ஆஸ்துமா உள்ளவருக்கு ஃப்ளூ வந்தால் மூச்சுக்குழாய் சுருங்கி, நெபுலைசருக்கும் மருத்துவமனைக்கும் அலைய நேரலாம். அந்த ஓர் இரவின் செலவே குடும்பம் முழுவதற்குமான ஊசிச் செலவை மிஞ்சிவிடக் கூடும். இரண்டாவது, மூன்று வயதுக் குழந்தை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் இந்த ஊசியைப் போட இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ஒன்பது வயது நிரம்பாத குழந்தைக்கு வாழ்நாளில் முதன்முறையாகப் போடும்போது, நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைகள் தேவை. ஒரு தவணையோடு நிறுத்தினால் பாதுகாப்பு அரைகுறையாக நிற்கும். அடுத்த ஆண்டிலிருந்து ஒன்று போதும். இரண்டாவது தவணையும் மழைக்கு முன் முடிய வேண்டுமானால் முதல் தவணையை ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும்.

ஏழு வயதுக் குழந்தைக்கு ஆஸ்துமா, பிறவி இதயக் கோளாறு போன்றவை இல்லையென்றால், அதற்குப் போடுவது நல்லது, ஆனால் அவசரமில்லை. நலமாக இருக்கும் நீங்களும் உங்கள் மனைவியும் வரிசையின் கடைசியில் நிற்கலாம். வரிசை வரிசையாக நெருங்கி அமர்ந்து வேலை செய்யும் தொழிற்கூடத்திலிருந்து காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடியவர்கள் நீங்கள் இருவரும்தான் என்பதை மறுக்கவில்லை. கையில் பணம் இருந்தால் உங்களில் ஒருவராவது போட்டுக்கொள்வது தாயாருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. இல்லையென்றால், காய்ச்சல் வந்தவுடன் தாயாரிடமிருந்து தள்ளிப் படுப்பதும், முகக்கவசம் அணிவதும், கை கழுவுவதும் செலவில்லாதவை. தொழிற்சாலை நிர்வாகம் மொத்தமாக வாங்கித் தொழிலாளர்களுக்குப் போட முன்வருமா என்று கேட்டுப் பாருங்கள். மழை மாதங்களில் ஆட்கள் வராமல் வரிசைகள் காலியாவது அவர்களுக்கும் இழப்புதான்.

கேள்வி: என் மகளுக்கு இது ஏழாவது மாதம். மகப்பேறு மருத்துவர் ஃப்ளூ ஊசி போடச் சொல்லியிருக்கிறார். சம்பந்தி அம்மாள், கருவுற்ற பெண்ணுக்கு டெட்டனஸ் ஊசி தவிர வேறு எதுவும் கூடாது என்கிறார். இரு வீட்டாரிடமும் மனக்கசப்பு வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.
— குடும்பத் தலைவி, காட்பாடி

பதில்: சம்பந்தி அம்மாளின் எச்சரிக்கை உணர்வைக் குறை சொல்ல மாட்டேன். கருவுற்ற காலத்தில் கண்ட மருந்தையும் உட்கொள்ளக் கூடாது என்பது சரியான பழக்கம். ஆனால் இந்த ஊசி அந்தப் பட்டியலில் வராது. தோளில் போடும் ஃப்ளூ தடுப்பூசியில் இருப்பவை செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸின் துண்டுகள். அவற்றால் தாய்க்கோ கருவுக்கோ தொற்றை உண்டாக்க இயலாது. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. மூக்கில் தெளிக்கும் வகையில் மட்டும் உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸ் இருப்பதால் அது கருவுற்றவர்களுக்கு ஆகாது.

போடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கர்ப்பத்தின் பிற்பகுதியில் வளரும் கருப்பை நுரையீரலுக்கான இடத்தைக் குறைக்கிறது, இதயத்தின் வேலை கூடுகிறது. அந்த நிலையில் வரும் ஃப்ளூ, மற்ற இளம்பெண்களுக்கு வருவதைவிடக் கடுமையாகத் திரும்பலாம். 2009இல் எச்1என்1 வகை ஃப்ளூ பரவியபோது மருத்துவர்கள் இதை உலகெங்கும் கண்கூடாகக் கண்டார்கள். இரண்டாவது காரணம் பிறக்கப் போகும் குழந்தை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட வழியில்லை. தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகச் செல்லும் எதிர்ப்பாற்றல்தான் அந்த மாதங்களில் அதற்கு இருக்கும் காப்பு. வங்கதேசத்தில் கருவுற்ற பெண்களுக்கு ஊசி போட்டு நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதங்களில் பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 விழுக்காடு குறைவாக இருந்தது. உங்கள் மகளுக்குக் குழந்தை பிறப்பது மழைக்காலத்தின் உச்சத்திலோ அதை ஒட்டியோ இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சம்பந்தி அம்மாளை அடுத்த பரிசோதனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். மருமகளுக்காகச் சொன்னால் தயங்குகிறவர்கள்கூடப் பேரக்குழந்தைக்காக என்று மருத்துவர் விளக்கும்போது பெரும்பாலும் இசைந்துவிடுகிறார்கள்.

கேள்வி: என் தாயாருடன் ஹஜ் பயணம் செல்ல இருக்கிறேன். அவருக்கு வயது 70. எந்தெந்த ஊசிகள் போட வேண்டும்? ஃப்ளூ ஊசியில் பன்றியிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள்.
— வாசகர், மேல்விஷாரம்

பதில்: ஹஜ் பயணிகளுக்கு மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்கான மெனிங்கோகாக்கல் தடுப்பூசி கட்டாயம், சவூதி அரேபியாவை அடைவதற்குக் குறைந்தது பத்து நாள்களுக்கு முன் போட்டு, சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து செல்கிறவர்களுக்குப் போலியோ சொட்டு மருந்தும் கொடுக்கப்படுகிறது. முதியவர்களும் நாள்பட்ட நோயுள்ளவர்களும் ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் விதிகள் சற்று மாறக் கூடும் என்பதால், ஹஜ் குழு அனுப்பும் அந்த ஆண்டின் அறிவிப்பையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

பல நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கானோர் ஓரிடத்தில் கூடித் தங்கி நடந்து வழிபடும்போது, மூச்சுவழிக் கிருமிகள் பரவுவதைத் தவிர்ப்பது கடினம். எழுபது வயது தாயாருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். இங்கே ஒரு வேறுபாடு: மற்றவர்களுக்கு நம் ஊர் மழையைக் கணக்கில் கொண்டு மாதம் சொன்னேன், உங்களுக்குப் பயண நாளே கணக்கு. புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னதாவது, முடிந்தால் ஒரு மாதத்துக்கு முன், போட்டுவிடுங்கள். ஹஜ் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள்கள் முன்னால் நகர்வதால், சென்ற முறை போனவர் சொல்லும் மாதம் உங்களுக்குப் பொருந்தாது.

பன்றி ஜெலட்டின் பற்றிய பேச்சு முற்றிலும் கற்பனை அன்று. மேலை நாடுகளில் குழந்தைகளுக்கு மூக்கில் தெளிக்கும் ஒரு ஃப்ளூ தடுப்பு மருந்தில் அது உண்டு. தோளில் போடும் ஊசிகளில் பொதுவாக ஜெலட்டின் சேர்ப்பதில்லை. என் வாய்ச்சொல்லை நம்பச் சொல்லவில்லை: பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் சேர்மானங்கள் அனைத்தும் அச்சிடப்பட்டிருக்கும். போடுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: முட்டை சாப்பிட்டால் எனக்கு உடலெங்கும் தடிப்பு வரும். ஃப்ளூ ஊசியை முட்டையில் தயாரிக்கிறார்களாமே?
— கல்லூரி மாணவி, திருப்பத்தூர்

பதில்: பெரும்பாலான ஊசிகளுக்கான வைரஸைக் கருக்கொண்ட கோழி முட்டையில்தான் வளர்க்கிறார்கள். இறுதியில் ஊசியில் எஞ்சும் முட்டைப் புரதம் மிக நுண்ணிய அளவே. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்பதே இன்றைய மருத்துவ நிலை. ஒவ்வாமையைச் சொல்லிவிட்டு, அவசர மருந்துகள் உள்ள மருத்துவமனையில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். முன்பு ஃப்ளூ ஊசிக்கே கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் மீண்டும் போடக் கூடாது.

கேள்வி: வீட்டில் இருந்து பீடி சுற்றும் தொழில் செய்கிறேன். என் தந்தைக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வயிற்றுப்போக்குக்குப் பின் கைகால் செயலிழந்து, குய்யன்-பாரே என்னும் நரம்பு நோய் என்றார்கள். தேறிவிட்டார். ஃப்ளூ ஊசியால் அந்த நோய் வரும் என்று கேள்விப்பட்டேன். இப்போது அவருக்கும் எனக்கும் ஊசி போடலாமா?
— வாசகி, பேரணாம்பட்டு

பதில்: உங்கள் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் வரப்போகிறது என்று அஞ்சிக் கோடிக்கணக்கானோருக்கு அவசரமாக ஊசி போட்டபோது, போட்டுக்கொண்ட ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒருவர் வீதம் குய்யன்-பாரே நோய் கூடுதலாக வந்தது, அத்திட்டமே கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு வந்த பருவகால ஊசிகளை ஆண்டுதோறும் கண்காணித்து வருகிறார்கள். கூடுதல் ஆபத்து இருந்தால் அது பத்து இலட்சம் பேருக்கு ஒருவர் அல்லது இருவர் என்ற அளவிலேயே இருக்கிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகளும், ஃப்ளூ நோயும்கூட இதே நோயைத் தூண்டக் கூடியவை. ஃப்ளூ வந்து அதனால் இது வரும் வாய்ப்பு, ஊசியால் வரும் வாய்ப்பைவிட அதிகம்.

உங்கள் தந்தைக்கு அந்த நோய் வந்தது ஃப்ளூ ஊசிக்குப் பிறகு அன்று, வயிற்றுப்போக்குக்குப் பிறகு. முன்பு ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரங்களுக்குள் குய்யன்-பாரே வந்தவர்களுக்குத்தான் மீண்டும் ஊசி போடுவதைப் பொதுவாகத் தவிர்க்கிறோம். ஆயினும் அவருடைய விஷயத்தில் நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. அப்போது சிகிச்சை அளித்த நரம்பியல் மருத்துவரிடம் பழைய மருத்துவக் குறிப்புகளோடு சென்று கேளுங்கள். சர்க்கரை, நுரையீரல், இதயக் கோளாறு எதுவும் அவருக்கு இல்லையென்றால், போடாமல் விடுவதும் நியாயமான முடிவே. தந்தைக்கு வந்தது என்பதால் உங்களுக்கு ஊசி ஆகாது என்று பொருள் இல்லை. புகையிலைத் தூசியில் பல ஆண்டுகள் அமர்ந்திருப்பவர் நீங்கள். அடிக்கடி இருமலும் மூச்சிரைப்பும் இருக்குமானால், ஊசி தேவையா என்று கேட்பதற்கு முன்பே நுரையீரலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிலவேம்புக் குடிநீர் குடித்து வந்தால் ஊசி தேவையில்லை அல்லவா?
— வாசகர், அணைக்கட்டு

பதில்: தேவையில்லை என்று சொல்ல முடியாது. நிலவேம்பு ஃப்ளூ தடுப்பூசிக்கு மாற்றாக அமையும் என்பதற்குச் சான்று இல்லை. சித்த மருத்துவர் சொன்ன அளவில் நீங்கள் குடித்து வருவதை நான் தடுக்கவும் இல்லை. ஊசி போட்டுக்கொள்ள அது தடையாகாது. குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஊசி போடவில்லை, காய்ச்சல் வந்துவிட்டது; அல்லது போட்டும் வந்துவிட்டது. அப்போது என்ன செய்வது? மருந்துக்கடையில் கொடுக்கும் மாத்திரைகள் போதுமா?
— ஆற்காடு, சோளிங்கர், அரக்கோணம் வாசகர்கள்

பதில்: நலமாக இருப்பவருக்கு வரும் ஃப்ளூவுக்கு ஓய்வும், கஞ்சி, மோர், இளநீர் போன்ற நீராகாரங்களும், காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் பெரும்பாலும் போதும். கடைகளில் ஒரு சிறு காகிதப் பொட்டலத்தில் நான்கைந்து நிற மாத்திரைகளைக் கலந்து கொடுக்கும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன். அதில் இருக்கும் ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடுவதே இல்லை. ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரை நோயாளியின் நிலை மோசமாகும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஃப்ளூவோடு சேரும்போது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது இடமளிக்கும். டெங்குவாக இருந்தால், ஆஸ்பிரினும் புரூஃபென் வகை மாத்திரைகளும் பெரியவர்களுக்குமே இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும்.

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், கருவுற்றவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய, சிறுநீரக நோயுள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஓசெல்டமிவிர் என்னும் மருந்து ஃப்ளூவுக்கென்றே உள்ளது. மருத்துவர் சீட்டின் பேரில் ஐந்து நாள் எடுக்கும் மருந்து அது. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும். மூன்று நாள் கைவைத்தியம் பார்த்துவிட்டு நான்காம் நாள் பெரிய மருத்துவமனையின் வரிசையில் நிற்பவர்கள் இந்த வாய்ப்பைத்தான் இழக்கிறார்கள்.

மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, உதடு நீலமாதல், மனக்குழப்பம், சிறுநீர் குறைதல், காய்ச்சல் விட்டு மீண்டும் அதிகமாவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வயது பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சல் நான்கைந்து நாள்களைத் தாண்டினால், அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பின் கீழ் ஆகிய மறைவான இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருத்த புண் ஒன்று இருக்கிறதா என்று வீட்டார் பார்க்க வேண்டும். அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாமல் இருக்கும். டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்துக்கு அந்த நோய் ஓரிரு நாளில் பணியும். ஃப்ளூ என்று எண்ணிக்கொண்டு அதைத் தவறவிட்டால், நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போக நேரும். புண்ணைக் கண்டால் மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே காட்டுங்கள். புண் தென்படாவிட்டாலும், வயலுக்கோ புதர்ப் பக்கமோ சென்று வந்ததை மறவாமல் சொல்லுங்கள்.